முண்டுக் கன்று

கத்தரி நாற்றுக்காரர் மகன் என்பதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதனால்தான் அந்தத் தப்பையும் செய்தேன்.

அரியாங்குப்பத்தில் ஆற்றை ஒட்டிய நிலத்தில் அப்பா கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விட்டு விற்றுவந்தார். எங்கள் வீட்டில் நாற்றைக் கையில் எடுத்தால் யாரும் முதலில் இலையைப் பார்க்க மாட்டோம். வேரைத் தண்ணீரில் அலசித்தான் பார்ப்போம். மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாத்தியையே கழித்துவிட வேண்டும். பாவம் பார்த்துக் கொடுத்தால் வாங்கிப்போனவர் நிலமும் சேர்ந்து கெடும். "வீங்கினத விக்காதடா" என்பார் அப்பா. எனக்கு எழுத்து தெரியும் முன்னே தெரிந்த பாடம் அது.

1982-இல், பதினெட்டு வயதில், வில்லியனூர்ப் பக்கம் ஒரு மரக்கன்று நாற்றங்காலில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். சமூகக் காடு வளர்ப்பு என்ற பேச்சு எங்கும் அடிபட்ட காலம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சுவீடன் நாட்டு உதவியோடு முந்தின வருஷம்தான் திட்டம் தொடங்கியிருந்தார்கள். காகித ஆலைக்கு மரம் வேண்டும், விறகுக்கு மரம் வேண்டும், தரிசில் எதையாவது நட்டாக வேண்டும். கேட்டவர்களெல்லாம் கேட்டது ஆர்.எஸ்.பதிக் கன்றுதான். நீலகிரித் தைலம் விற்ற புட்டியில் இருந்த பெயர் மரத்துக்கே ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கு யூகலிப்டஸ் என்றால் இன்றும் புரியாது.

1843-இல் கேப்டன் காட்டன் என்ற வெள்ளைக்காரர் நீலகிரியில் கொண்டுவந்து வைத்த மரம் வேறு, எங்கள் சமவெளிக்கு வந்தது வேறு. திப்பு சுல்தான் காலத்து நந்தி மலைத் தோட்டத்திலிருந்து பெருகியதாகச் சொல்லும் 'மைசூர் கம்' வகைதான் இங்கே. அதில் டெரிடிகார்னிஸ் என்ற இனத்தின் ரத்தம் அதிகம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது ஒரு பொட்டலம் விதை, அவ்வளவுதான்.

முதல்முறை அந்த விதையைப் பார்த்து, மேஸ்திரி மூக்குப்பொடி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு கிலோவில் லட்சக்கணக்கில் இருக்கும். ஊதினால் பறக்கும். நைசான மணலில் கலந்து தாய்ப்பாத்தியில் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, பூவாளியில் பனி பெய்கிற மாதிரி தண்ணீர் விட வேண்டும். ஒரு வாரத்தில் முளைக்கும். இரண்டு வித்திலை, ஒவ்வொன்றும் நுனியில் லேசாகப் பிளந்து, சின்னஞ்சிறு சிறுநீரகம்போல் இருக்கும். மேலே இரண்டு ஜோடி இலை வந்ததும் மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்துப் பையில் நடுவோம். தண்டைப் பிடிக்கக் கூடாது, இலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தண்டு நசுங்கினால் தீர்ந்தது. இலை போனால் இன்னொன்று வரும்.

மூன்று நான்கு மாதத்தில் கன்று ஒரு முழத்துக்கு மேல் வந்திருந்தது. நோய்க் கன்றைக் கழிக்கச் சொல்லி என்னை வரிசைக்குள் விட்டார்கள். நான் பழக்கப்படி குனிந்து அடியைப் பார்த்தேன். மண்ணுக்குச் சற்று மேலே தண்டின் இரண்டு பக்கமும் கடுகளவு, மிளகளவு புடைப்பு. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்கு. வீங்கினதை விக்காதே. ஒரு காலைப்பொழுதில் ஐந்நூறு பையாவது இழுத்து வேலிக்குப் பின்னால் குப்பையில் போட்டிருப்பேன். மேஸ்திரி ஊரில் இல்லை. மற்றவர்களுக்கு என் சுறுசுறுப்பைப் பார்த்து ஆச்சரியம்.

திரும்பி வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குப்பையிலிருந்து மீட்டெடுக்கவும் இல்லை. பாதிப் பை கிழிந்து, கன்று சாய்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் எல்லாம் தலை கருகி, சுள்ளியாகிவிட்டது. எனக்கு இரண்டு வாரக் கூலி பிடித்தார்கள்.

அப்புறம் ஒரு கோடை மழை. மழை விட்டு பத்து நாள் இருக்கும். மேஸ்திரி கூப்பிட்டார். "டேய் கத்திரிக்கா, நீ தூக்கிப் போட்டதெல்லாம் தலையெடுத்து நிக்குது, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். எல்லாம் பிழைக்கவில்லை. பை கிழியாமல் மண் ஒட்டிக்கிடந்தவை பிழைத்திருந்தன. மேல்தண்டு சுள்ளிதான், ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. ஆனால் அடியில் நான் நோய் என்று கழித்த அந்தப் புடைப்பிலிருந்து சிவப்பாக, விரல் நகத்தின் நீளத்துக்குத் தளிர்கள் கிளம்பியிருந்தன. ஒரு கன்றில் ஆறு எண்ணினேன். அதே வெயிலில், அதே குப்பையில், கை தவறிப் போட்ட புடைப்பில்லாத கன்றுகளும் சில கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட எழவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்குக் குப்பைமேட்டில் குந்தியிருந்த அரைமணி நேரத்தில் கற்றதைவிட அதிகமாக எங்கும் கற்றதாகச் சொல்ல முடியாது.

அந்தப் புடைப்புக்கு எங்கள் நாற்றங்காலில் முண்டு என்றே பெயர். பிற்பாடு எங்களிடம் கன்று வாங்க வந்த, ஓய்வுபெற்ற வன அலுவலர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து எனக்குக் காட்டிக்கொடுத்தார். நாற்றின் முதல் முண்டு வருகிற இடம் வேர் அல்ல. வித்திலை இருந்த கணு. வித்திலை உதிர்ந்த வடுவுக்கு மேலே, இலைக்கக்கத்தில், எதிரும் புதிருமாக இரண்டு. அடுத்த ஜோடி இலை முதல் ஜோடிக்குக் குறுக்கே வருமல்லவா, அதனால் அடுத்த ஜோடி முண்டும் குறுக்கே. மேலிருந்து பார்த்தால் நாலு திசைக்கு நாலு. சில நாற்றில் மூன்று நான்கு கணுவரை ஏறும், அதோடு நின்றுவிடும். உயரத்தில் வருகிற கணுக்களில் அப்படிப் புடைக்காது.

கன்று வளர வளர இந்த முண்டுகள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, தண்டைச் சுற்றி வளையமாகி, கீழ்நோக்கி இறங்கி வேர்த்தலையையும் போர்த்திக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் தரைக்கு அடியில் ஒரு கருணைக்கிழங்கு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கிழங்கு என்றேனே தவிர கத்தி இறங்காது. முழுக்க மரம். வெட்டிப் பார்த்தால் நார் நேராக ஓடாது, சுழித்துச் சுழித்து ஓடும். அந்தச் சுழிகளுக்குள் ஊசிமுனை அளவில் மொட்டு வைத்துவிடும் திசுக்கள் நூற்றுக்கணக்கில் உறங்குகின்றன. மேலே குருத்து நல்லபடியாக இருக்கிறவரை அதிலிருந்து இறங்குகிற ஊக்கி, "நீ கிட" என்று இவற்றை அடக்கிவைக்கும். குருத்து போனால் அடக்க ஆளில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும்.

எழுவதற்குச் சாப்பாடு வேண்டுமே? அதுவும் அங்கேயே இருக்கிறது. எங்கள் கொம்யூனில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், பிள்ளைகளை நாற்றங்காலுக்குக் கூட்டிவந்தபோது, ஆய்வகத்து அயோடின் புட்டியையும் கொண்டுவந்தார். ஒரு முண்டைக் குறுக்கே வெட்டித் தரச் சொன்னார். இரண்டு சொட்டு விட்டதும் வெள்ளையாக இருந்த வெட்டுவாய் கருநீலமாக மாறியது. சோற்றுக் கஞ்சியில் விட்டால் எப்படி மாறுமோ அப்படி. "இது மரத்தோட பழைய சோத்துப் பானைடா" என்றார் பிள்ளைகளிடம். அதற்கப்புறம் வாடிக்கையாளர்களுக்கு நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

இதை நோய் என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை என்பதை அந்த வன அலுவலர்தான் சொன்னார். மரத்தின் சொந்த நாடான ஆஸ்திரேலியாவிலேயே 1918-இல் ஃபிளெச்சர், மஸ்ஸன் என்ற இருவர் இதைப் பற்றி விரிவாக எழுதியபோது 'தளிர் விடும் கட்டிகள்' என்றுதான் அழைத்தார்களாம். 1920-களில் கெர் என்பவர் நாற்றுகளைச் சீவிச் சீவிப் பார்த்து, இது கட்டியுமில்லை நோயுமில்லை, நாற்றின் சொந்த உறுப்பு என்று காட்டிய பிறகே லிக்னோட்யூபர் என்ற பெயர் நிலைத்தது. படித்தவர்களே தடுமாறிய இடம் என்று கேட்டதும் அந்த இரண்டு வாரக் கூலியின் வலி கொஞ்சம் குறைந்தது.

அவர்கள் ஊரில் காட்டுத்தீ வருஷம் தவறாமல் வருகிற இடங்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்று ஒரு மரம். அதன் கன்று பெரிய மரங்களின் நிழலில் பத்துப் பதினைந்து வருஷம்கூட முழங்கால் உயரப் புதராக நின்றுகொண்டிருக்குமாம். தீ மேயும், மறுபடி தளிர்க்கும். கீழே மட்டும் முண்டு பெருத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பெரிய மரம் ஒன்று விழுந்து வானம் திறந்ததும் ஒரே ஒரு தண்டை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறும். மாலீ என்கிற குட்டை வகைகளின் முண்டையோ தோண்டியெடுத்து அடுப்புக்கு விறகாகவே விற்றார்களாம்.

இங்கே தீ கிடையாது. கோடரி உண்டு.

எங்கள் பக்கத்து விவசாயிக்கு அதுவரை தெரிந்த மரப்பயிர் சவுக்கு. பூரணாங்குப்பம், நல்லவாடு என்று கடலை ஒட்டிய மணலெல்லாம் சவுக்குத் தோப்புதான். நாலு வருஷத்தில் வெட்டுவார்கள். வெட்டினால் பெரும்பாலும் தூர் செத்துவிடும், அல்லது ஒப்புக்கு இரண்டு தளிர் விட்டு நின்றுவிடும். மறுபடி கன்று, மறுபடி குடம் குடமாகத் தண்ணீர். அப்படிப்பட்டவர்களிடம் போய், ஒருமுறை நட்டால் மூன்று வெட்டு என்றால் நம்புவார்களா? "கட்டக் கரும்பு மாதிரியா?" என்று கேட்டார் பாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அதே மாதிரிதான் ஐயா என்றேன். கரும்புக்கு மறுதாம்பு விடத் தெரிந்த ஊர் பாகூர். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கு நான் அரைமணி நேரம் மூச்சைக் கொடுத்திருப்பேன்.

ஆனாலும் வாங்க வருகிறவர்கள் பார்ப்பது உயரத்தைத்தான். இடுப்பளவு கன்றா, எடு. முழங்கால் அளவா, வேண்டாம். நெருக்கமாக அடுக்கி, நிழலில் வைத்து, யூரியாத் தண்ணீர் தெளித்தால் இரண்டு மாதத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். அடியில் பார்த்தால் முண்டு கடுகளவுதான் இருக்கும். வெயிலில் வைத்து, பையை அடிக்கடி இடம் மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வளர்த்தால் கன்று குட்டையாகத்தான் நிற்கும். முண்டு பட்டாணி அளவுக்கு வந்திருக்கும். 1989-இல் சொந்தமாக நாற்றங்கால் போட்டபோது இந்த இரண்டாவது வழியில் போனேன். முதல் வருஷம் பாதிக் கன்று விற்கவில்லை. அடுத்த வருஷம் வரிசையின் முன்பக்கம் நெட்டைக் கன்று, பின்பக்கம் முண்டுக் கன்று என்று வைத்தேன். தெரிந்தவர்கள் நேராகப் பின்பக்கம் போவார்கள். கடைசிவரை முன்பக்கம்தான் அதிகம் விற்றது.

கன்றுக்கு அடுத்து வெட்டு. இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் எனக்குத் தெரிந்தவர் மூன்று காணி போட்டிருந்தார். எங்கள் கணக்குக் காணி, நூறு குழி ஒன்று. கன்று என்னுடையது. ஆறாம் வருஷம் ஒரு காண்ட்ராக்டர் வந்து வெட்டினார். நான் போகவில்லை. வெட்டத்தானே போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து அவர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மூணு வெட்டுன்னீங்களே, வந்து பாருங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

போய்ப் பார்த்தால், வெட்டுக்காரர்கள் குனிய வலித்து முழங்கால் உயரத்தில் வெட்டியிருந்தார்கள். காகித ஆலைக்குப் பட்டை உரித்துத்தான் அனுப்ப வேண்டும். மரம் நிற்கும்போதே பட்டையைக் கீறி இழுத்ததில் கட்டையின் பட்டையும் சேர்ந்து உரிந்து தொங்கியது. போதாததற்குக் கழித்த கிளை, இலையெல்லாம் கட்டைகளின் மேலேயே குவித்துத் தீ வைத்திருந்தார்கள். தைல இலை பச்சையிலேயே எரியும். சருகு எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீ பட்ட இடத்தில் கட்டைகள் கரி. பட்டை உரிந்தவை மொட்டை. மீதி இருந்தவற்றில் தளிர் வந்திருந்தது, ஆனால் எல்லாம் முழங்கால் உயரத்துக் கட்டையின் விளிம்பில், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்து. கையால் ஒன்றை அசைத்தேன். பட்டையோடு பிய்ந்து கையில் வந்துவிட்டது. ஆடிக்காற்றுக்கு ஒன்றும் நிற்காது என்று அங்கேயே தெரிந்தது. நிற்கவும் இல்லை.

இந்த மரத்தில் மொட்டு உறங்கும் இடம் இரண்டு. ஒன்று அடியிலுள்ள முண்டு. இன்னொன்று தண்டு முழுக்க, பட்டைக்குள். மற்ற பல மரங்களில் உறங்கும் மொட்டு பட்டையின் மேல்பாகத்தில் இருக்கும், தீ பட்டால் கருகும். இதில் பட்டையின் அடி ஆழத்தில், மரத்தை ஒட்டி, மெல்லிய இழையாக ஓடுகிறது. அதனால் கட்டையை எந்த உயரத்தில் வெட்டினாலும் தளிர் வரும். வரும், ஆனால் உயரத்தில் வருவது பட்டையில் ஒட்டியிருக்கும் பிள்ளை. அடியில் முண்டிலிருந்து வருவது மண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. தண்டு பருக்கும்போது அதன் அடியும் சேர்ந்து பருத்து, பழைய கட்டையை விழுங்கிக்கொண்டு தனி மரமாகவே நின்றுவிடும்.

அந்தத் தோட்டத்துக்கு அப்புறம் வெட்டு நடக்கும் இடத்துக்கெல்லாம் கூலி வாங்காமலே போய் நின்றேன். அரைச் சாணுக்கு மேல் கட்டை விடாதே. சாய்வாக வெட்டு, தண்ணீர் தேங்கக் கூடாது. மரத்தைச் சாய்த்த பிறகு பட்டையை உரி. கட்டையின் பட்டையில் கை வைக்காதே. தழையைப் பாத்தி நடுவில் இழுத்துப் போடு. நடுக்கோடையில் வெட்டாதே. சொல்லிச் சொல்லி எனக்குத் 'தூர் வாத்தியார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பவர் ரம்பம் வந்தபிறகு தாழ வெட்டுவது சுலபமாகிவிட்டது. கோடரிக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

தளிர் பத்துப் பதினைந்து வரும். எல்லாவற்றையும் விட்டால் விளக்குமாறு. ஆள் உயரம் வந்ததும் இரண்டு, மிஞ்சினால் மூன்று வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்க வேண்டும். எதை வைப்பது? உயரமானதை என்பார்கள். நான் சொல்வது, தாழக் கிளம்பியதை. காற்று அடித்தால் கட்டையின் பக்கம் சாயுமே தவிர கட்டையை விட்டுப் பிரியாத பக்கத்தில் இருப்பதை. இதைக் கழிக்கக் கை வராமல் அப்படியே விட்டவர்கள் அதிகம். பச்சையை வெட்ட நம் ஆட்களுக்கு மனசு வருவதில்லை.

கட்டைத் தளிரில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். வளர்ந்த மரத்து இலை நீண்டு, அரிவாள்போல் வளைந்து தொங்கும். இருபது வயது மரத்தை வெட்டினாலும் தூரிலிருந்து வருகிற முதல் இலைகள் அகலமாக, எதிரெதிரே, நாற்றங்கால் கன்றின் இலையாகவே வரும். தாத்தாவுக்குப் பால்பல் முளைத்ததுபோல. விளையாட்டு இல்லை, பின்னால் வந்த குளோன் வியாபாரம் முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. அதற்கு முன் தானே புயலைச் சொல்லிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. எங்கள் நாற்றங்கால் கொட்டகை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பண்ருட்டிப் பக்கம் போனால் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா வேரோடு மல்லாந்து கிடந்தது. முந்திரித் தோப்புகளைப் பார்க்க முடியவில்லை. பெரியவர்கள் மரத்தடியில் எழவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். கடலோரச் சவுக்கு வரிசை வரிசையாகப் படுத்துவிட்டது. தைலமரம் பல இடங்களில் பாதித்தண்டில் முறிந்து, கம்பம் நட்டதுபோல் நின்றது.

பொங்கல் கழிந்து போனபோது அந்த மொட்டைக் கம்பங்களின் உடம்பு முழுக்கத் தளிர். கம்பளிப்பூச்சிக்கு ரோமம் முளைத்தாற்போல அடியிலிருந்து முறிந்த நுனிவரை. பட்டைக்குள் ஆழத்தில் உறங்கியது அத்தனையும் ஒரே வேளையில் எழுந்திருந்தது. ஊர் முழுக்க அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தோட்டக்காரர்களுக்குச் சந்தோஷம். "மரம் பொழச்சிடுச்சி, அப்படியே வுட்டுடலாமா அண்ணே?" என்றார்கள். வேண்டாம் என்றேன். முறிந்த தண்டில் மழைநீர் இறங்கும், உள்ளே சொத்தை விழும், மேலே நிற்கும் தளிர் பருத்து ஒருநாள் பிய்ந்து விழும். அடியோடு வெட்டுங்கள், முண்டு பார்த்துக்கொள்ளும். பாதிப் பேர் கேட்டார்கள். கேட்காதவர்களில் இரண்டு மூன்று பேருடைய மரம் நன்றாகவே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குளோன் எங்கள் பக்கம் பலமாக வந்தது 2000-க்குப் பிறகு. அன்றைய ஆந்திராவில் பத்ராசலம் காகித ஆலை இதை 1980-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. பத்ராசலம் 3, 7, 10 என்று எண்ணால்தான் பேர். தமிழ்நாடு காகித ஆலையும் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு தோட்டம் போட ஆரம்பித்ததும், விதைக் கன்றைக் கேட்க ஆளில்லாமல் போனது. நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து வெட்டி, தூரிலிருந்து எழும் அந்தப் பால்பல் தளிரை இரண்டு இலை அளவுக்கு நறுக்கி, வேர்த்தூளில் தொட்டு, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குப்பியில் செருகி, மிஸ்ட் சேம்பருக்குள் வைத்தால் ஒரு மாதத்துக்குள் வேர் விடும். உயரக் கிளையிலிருந்து நறுக்கினால் வேர் பிடிக்காது. தூரிலிருந்து வந்தால்தான் குழந்தை, குழந்தைக்குத்தான் வேர் வரும். 2007-இல் கடன் வாங்கி நானும் ஒரு சேம்பர் போட்டேன்.

கன்று எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன். எனக்கு உறுத்தியது வேறு. நறுக்கிய தளிரில் வித்திலை இருந்த கணு ஏது? முண்டு எங்கிருந்து வரும்? என் கொல்லையில் வைத்துத் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். சில எண்களில் இரண்டு வருஷம் கழித்தும் அடி வழவழ என்று இருந்தது. சிலவற்றில் கீழ்க்கணுவில் ஒப்புக்கு ஒரு புடைப்பு. வெட்டினால் தளிர்க்கின்றன, பட்டை மொட்டு இருக்கிறதே. முதல் வெட்டு விளைச்சலில் விதை மரம் குளோன் பக்கத்தில் நிற்க முடியாது. அதை மறைத்துப் பேசினால் பொய். வறட்சி வருஷத்தில் வெட்டியபோதுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. பழைய முண்டுக் கன்றுத் தோட்டத்தில் கட்டை சாவது குறைவாக இருந்தது. இது என் கண் கண்ட கணக்கு. ஆராய்ச்சி நிலையத்துக் கணக்கு இல்லை. முண்டே போடாத இனமும் உண்டு. மூணாறில் தேயிலைக்கு விறகாக வளர்க்கிற கிராண்டிஸ் அப்படித்தான். அதுவும் கட்டையிலிருந்து தளிர்க்கத்தான் செய்கிறது.

குளோனோடு கூடவே இன்னொரு வீக்கமும் வந்து சேர்ந்தது. ஒரு குட்டிக் குளவி. கண்ணுக்குத் தெரியாத அளவு. தளிரின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடமெல்லாம் மணிமணியாகப் புடைத்து, இலை சுருண்டு, கன்று குன்றிவிடும். 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் நுழைந்து எங்கள் கடலோரத்தையும் விடவில்லை. மறுதாம்புத் தளிரென்றால் அதற்கு விருந்து. ஒரு வருஷம் சேம்பர் முழுக்க எரித்தேன். அந்தப் பயத்தில் வாடிக்கையாளர்கள் எந்தக் கன்றில் எந்தப் புடைப்பைக் கண்டாலும் திருப்பி அனுப்பினார்கள். விதைக் கன்றின் முண்டையும் சேர்த்துத்தான். இளவட்டப் பையன் ஒருவன் பையைத் தூக்கிக்காட்டி, "அடியில வீங்கியிருக்கு சார், வேணாம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம். குந்தச் சொல்லி, மேலே இலைக்காம்பில் மெத்தென்று இருப்பது குளவி, வேரில் மணியாக இருப்பது நூற்புழு, வித்திலைக் கணுவில் ஜோடியாக, கெட்டியாக இருப்பது மரத்தின் சொத்து என்று காட்டினேன். கேட்டுவிட்டு, குளோன் கன்றே வாங்கிப்போனான்.

தண்ணீரைக் குடிக்கிற மரத்தை ஊர் ஊராக விற்றாயே என்று கேட்பவர்கள் உண்டு. 1983-இல் கர்நாடகத்தில் தும்கூர்ப் பக்கம் விவசாயிகள் திரண்டு போய் நாற்றங்காலில் யூகலிப்டஸ் நாற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டு, புளி விதையும் மாங்கொட்டையும் ஊன்றினார்கள் என்ற செய்தி வந்தபோது, மேஸ்திரி ஒரு வாரம் நாற்றங்கால் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார். புதுக்கோட்டையில் வனத்தோட்டக் கழகத்துத் தைலமரக் காடுகளைப் பற்றி விவசாயிகள் இன்றும் குமுறுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வேகமாக வளர்கிற எதுவும் வேகமாகக் குடிக்கத்தான் செய்யும். வெட்டிய தூரிலிருந்து வருவது இன்னும் மோசம். பழைய வேர் முழுசாக ஆழத்தில் இருக்கிறது, புதுக் கன்றுபோல் முதல் வருஷம் சும்மா இருக்காது. ஏரிக்கு மேல்பக்கம், கிணற்றுக்குப் பக்கத்தில் கேட்டவர்களுக்கு நான் கொடுக்க மறுத்திருக்கிறேன். எல்லா நேரமும் மறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வைக்கிறவரை யாரும் கேட்காத கேள்வி, எடுக்கிறது எப்படி என்பது. மூன்றாம் வெட்டோடு தோட்டத்தை மாற்ற நினைத்தவர்கள் என்னிடம்தான் வந்தார்கள். உப்பு கொட்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், தீ வைத்தார்கள். தரைக்கடியில் இருக்கிற பானையை அதெல்லாம் தொடாது. ஜேசிபி வைத்து முண்டோடு பெயர்த்தெடுத்தால் உண்டு. இல்லையென்றால் தளிர் வர வரக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றிரண்டு வருஷம். ஒவ்வொரு தளிருக்கும் பானையிலிருந்து கொஞ்சம் சோறு போகும்; இலை விரிந்து திருப்பிச் சம்பாதிக்க விடக் கூடாது. பானை காலியானால் சாகும். யாருக்கு அத்தனை பொறுமை இருக்கிறது?

என் நாற்றங்கால் நிலம் 2021-இல் மனைப்பிரிவாகிவிட்டது. விற்றது நான்தான், மகள் கல்யாணம். வேலி ஓரத்தில் 1989-இல் போட்டு விற்காமல் மிஞ்சிய முண்டுக் கன்று ஏழெட்டு, பையைக் கிழித்துக்கொண்டு வேரூன்றி மரமாகி நின்றன. வாங்கியவர் வெட்டி, ஜேசிபி விட்டு மேலாகத் தட்டி, கிராவல் கொட்டி, கல் நட்டு, எண் போட்டார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்து ஊரே மிதந்தது. மனையிலும் தண்ணீர் நின்று வடிந்தது. தை மாதம் பதினேழாம் எண் மனைக்காரர் போன் செய்தார். சுவர் எழுப்பப் போகிற இடத்தில் கிராவலைப் பிளந்துகொண்டு சிவப்பாகத் தளிர் வந்திருக்கிறது, என்ன செடி ஐயா என்று கேட்டார். அகல இலையா, எதிரெதிரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கசக்கி மோந்து பாருங்கள் என்றேன்.

வாரத்துக்கு ஒருமுறை கிள்ளச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் மறுபடி போன் செய்தார். இப்போது நாலு இடத்தில் வருகிறதாம்.